பதினெட்டு வயதுக் கோடும் பிரிட்டனின் இளம் அகதிகளும்

பெற்றோரோ பொறுப்பேற்கும் வேறு பெரியவரோ துணையின்றி பிரிட்டனுக்கு வந்து தஞ்சம் கேட்கும், 18 வயது நிரம்பாத பிள்ளைகளை அந்நாட்டுச் சட்டம் தனி வகையாக வைத்திருக்கிறது. இங்கிலாந்தில் இவர்கள் 1989-ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் 20-ஆம் பிரிவின்படி உள்ளூர் கவுன்சிலின் பொறுப்பில் வருகிறார்கள். ஒரு சமூகப் பணியாளர், தங்க இடம், பள்ளி அல்லது கல்லூரி, பராமரிப்பை விட்டு வெளியேறிய பிறகும் 25 வயது வரை சில உதவிகள் என்று அந்த வகையோடு பலவும் சேர்ந்து வருகின்றன. அதே படகில் அதே இரவில் வந்து இறங்கிய இன்னொருவர் பெரியவர் என்று எழுதப்பட்டால் இவற்றில் எதுவும் அவருக்கு இல்லை. முன்பின் தெரியாத ஆண்களோடு ஒரு ஹோட்டல் அறை. 2024-ன் கணக்குப்படி வாரத்துக்கு 49 பவுண்டு 18 பென்ஸ், உணவு தரும் ஹோட்டல் என்றால் வெறும் 8 பவுண்டு 86 பென்ஸ். முதல் பன்னிரண்டு மாதங்களுக்கு வேலை பார்க்க அனுமதி கேட்கவும் வழியில்லை. தடுப்புக்காவலில் வைக்கப்படும் அபாயம் வேறு.

இந்த ஏற்பாட்டைப் பற்றி பிரிட்டனின் பத்திரிகைகளிலும் நாடாளுமன்றத்திலும் இரு பெரிய கட்சிகளின் அமைச்சர்களிடத்திலும் ஒரே கருத்துதான் ஓங்கி நிற்கிறது. குழந்தை, பெரியவர், உண்மையான அகதி, பிழைப்புத் தேடி வந்தவர் ஆகியவை ஏற்கெனவே உள்ள வேறுபாடுகள். சட்டம் அவற்றைக் கண்டறிந்து பதிவு செய்கிறது, அவ்வளவுதான். சிக்கல் வகைகளில் இல்லை, பொய் சொல்லி நல்ல வகைக்குள் நுழையப் பார்க்கும் இளைஞர்களிடம் இருக்கிறது. ஆகவே சோதனையைக் கூர்மையாக்கினால் எல்லாம் சரியாகும். 2016 அக்டோபரில் பிரான்சின் கலே முகாம் இடிக்கப்பட்டு அங்கிருந்த சில பிள்ளைகள் பிரிட்டனுக்கு அழைத்து வரப்பட்டபோது பத்திரிகைகள் அவர்களது முகங்களைப் படமாகப் போட்டு, இவர்களா குழந்தைகள் என்று கேட்டன. பல்லைச் சோதிக்க வேண்டும் என்று ஒரு நாடாளுமன்ற உறுப்பினர் கோரினார். அன்று அரசு அதை மறுத்தது. 2022-ன் தேசியமும் எல்லைகளும் சட்டம் அதே கோரிக்கைக்குக் கதவைத் திறந்தது. 2023-ல் தேசிய வயது மதிப்பீட்டு வாரியம் வந்தது. 2025 ஜூலையில், முகத்தைப் பார்த்து வயது சொல்லும் செயற்கை நுண்ணறிவு மென்பொருளைப் பயன்படுத்தப் போவதாக அடுத்து வந்த அரசும் அறிவித்தது.

இந்தக் கருத்து அடிப்படையிலேயே பிழையானது. வகை என்பது இளைஞனின் வாழ்க்கையைப் பதிவு செய்யும் ஏடு அன்று. அந்த வாழ்க்கை எந்தத் திசையில் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் ஆணை. அந்த ஆணை எவ்வளவு மெல்லிய ஆதாரத்தின் மேல் எழுதப்படுகிறது என்பதையும், எழுதிய பிறகு அது தன்னைத்தானே எப்படி மெய்யாக்கிக் கொள்கிறது என்பதையும் பார்த்தால் கூர்மையான சோதனை என்ற பேச்சு நிற்காது.

வயது தெரியக்கூடிய ஒன்று என்பதிலிருந்தே இந்தக் கருத்து தொடங்குகிறது. பிறப்புச் சான்றிதழ் உள்ள நாட்டில் அது சரி. ஆப்கானிஸ்தானின் பழைய காகித அடையாள ஆவணமான தஸ்கிராவில் பிறந்த தேதிக்குப் பதிலாக, இந்த ஆண்டில் இவருக்குத் தோற்றத்தின்படி இத்தனை வயது என்று ஒரு வரி மட்டும் எழுதப்படுவது வழக்கம். அந்த ஆண்டும் அங்குள்ள சூரிய நாட்காட்டியின் ஆண்டு. எத்தியோப்பியாவின் நாட்காட்டி நம் கையிலுள்ள நாட்காட்டிக்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கி நடக்கிறது. 2006-ன் தொடக்கத்தில் பிறந்த ஒரு பையன் தான் 1998-ல் பிறந்ததாகத்தான் சொல்வான், ஏனென்றால் அவன் ஊரில் அது 1998-ஆம் ஆண்டு. நள்ளிரவில், நனைந்த உடையோடு, டோவர் கரையில் நடக்கும் விசாரணையில் மொழிபெயர்ப்பாளர் அந்த ஆண்டை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டால், 17 வயதுப் பிள்ளை 25 வயது ஆணாகி விடுகிறான். பையன் பொய் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பாளரும் பொய் சொல்லவில்லை. ஆனால் கோப்பில் இப்போது ஒரு பொய் ஏறிவிட்டது. பிறகு அவன் திருத்திச் சொன்னால், பேச்சை மாற்றுகிறான் என்று அதுவும் அவனுக்கு எதிரான குறிப்பாகச் சேரும்.

அந்தக் கரையில் நடப்பது மதிப்பீடே அல்ல, பார்வை. தோற்றமும் நடத்தையும் ஒருவர் 18-ஐக் கணிசமாகத் தாண்டியவர் என்று மிக வலுவாகக் காட்டினால் குடிவரவு அதிகாரிகள் இருவர் அவரைப் பெரியவராக நடத்தலாம் என்பது உள்துறை அமைச்சகத்தின் விதி. இந்த விதி சட்டத்துக்கு உட்பட்டதே என்று 2021-ல் ஓர் எரித்ரிய இளைஞரின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டத்துக்கு உட்பட்டது என்பதால் அது சரியாக வேலை செய்கிறது என்று ஆகாது. சகாராவையும் லிபியாவின் சிறைகளையும் கடந்து, பல மாதம் வெட்டவெளியில் உறங்கி, கடலில் இரவைக் கழித்து வந்த ஒரு முகத்தில் அதிகாரி எதைப் பார்க்கிறார்? வயதையா, பயணத்தையா? பல நேரங்களில் அவர் குறித்துக் கொடுக்கும் புதிய பிறந்த தேதி ஜனவரி 1. அன்றிலிருந்து அரசின் எல்லாத் தாள்களிலும் அந்தப் பிள்ளை அந்தத் தேதியில் பிறந்தவன்.

கவுன்சிலின் கைக்குப் போனால் நிலைமை சற்று மேல். 2003-ன் மெர்ட்டன் வழக்குத் தீர்ப்பு, வெறும் தோற்றத்தை வைத்து வயதை முடிவு செய்யக்கூடாது, இளைஞரின் பின்னணியைக் கேட்க வேண்டும், சந்தேகம் வந்தால் அதற்குப் பதில் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்று வரையறுத்தது. 2009-ல் குரோய்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி போய், ஒருவர் குழந்தையா இல்லையா என்பது நீதிமன்றமே கண்டறிய வேண்டிய உண்மை, கவுன்சிலின் விருப்பத்துக்கு விட்டதல்ல என்றது. நல்ல தீர்ப்புகள். ஆனால் அறைக்குள் கேட்கப்படுபவை: எந்த வயதில் பள்ளியில் சேர்ந்தாய், அண்ணனுக்கு உன்னைவிட எத்தனை வயது அதிகம், எப்போது முதல் சவரம் செய்கிறாய். தேதிகள் தடுமாறினால் பொய். தடுமாறாமல் சொன்னால் ஒப்பித்துக்கொண்டு வந்த கதை. தானே சமைக்கத் தெரிவதும், கண்ணைப் பார்த்துப் பேசுவதும் பெரியவர்களின் குணங்களாக மதிப்பீடுகளில் எழுதப்பட்டிருக்கின்றன. பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டுக் கிளம்பியவன் சமைக்கக் கற்றுக்கொள்ளாமல் எப்படி உயிர் பிழைத்திருப்பான்? குல்வாலி பஸ்ஸர்லே அந்த வயதில்தான் 2006-ல் ஆப்கானிஸ்தானிலிருந்து அனுப்பப்பட்டார். ஓராண்டுப் பயணத்துக்குப் பிறகு பிரிட்டன் வந்தபோது அவர் சொன்ன வயதை அதிகாரிகள் ஏற்கவில்லை. 2012-ல் ஒலிம்பிக் தீபத்தை ஏந்தி ஓடியவர்களில் அவரும் ஒருவர். பிறகு தன் பயணத்தைப் புத்தகமாகவும் எழுதினார். அவருடைய பெயர் வெளியே தெரிந்தது. தெரியாமலே போனவர்கள்தான் அதிகம்.

மனிதர் பார்ப்பது பிழை என்றால் கருவி பார்க்கட்டும் என்கிறார்கள். ஞானப்பல், மணிக்கட்டு எக்ஸ்-ரே, முழங்கால் மற்றும் காறை எலும்பின் எம்.ஆர்.ஐ. ஆகியவற்றைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்று அரசின் அறிவியல் ஆலோசனைக் குழு பரிந்துரைத்தது. எலும்பும் பல்லும் முதிர்ச்சியைத்தான் காட்டும், பிறந்த நாளைக் காட்டா. ஒரே நாளில் பிறந்த இருவரின் எலும்பு முதிர்ச்சி சில ஆண்டுகள் வரை வேறுபடலாம். சிகிச்சைக்குத் தேவையில்லாத கதிர்வீச்சை ஒரு பிள்ளையின் தாடையில் செலுத்துவதை பிரிட்டிஷ் பல் மருத்துவர் சங்கமே எதிர்த்து வந்திருக்கிறது. 2015-ல் துணையின்றி வந்த பிள்ளைகள் மட்டும் 35,369 பேர் தஞ்சம் கேட்ட ஸ்வீடன், 2017 முதல் பல்லையும் முழங்காலையும் சோதித்தது. பதினெட்டைத் தாண்டாதவர்களையும் அந்த முறை தாண்டியவர்களாகக் காட்டக்கூடும் என்று அங்குள்ள மருத்துவர்களும் புள்ளியியலாளர்களும் எச்சரித்தபோது, பலரது கோரிக்கைகள் ஏற்கெனவே நிராகரிக்கப்பட்டிருந்தன. முகத்தைப் பார்க்கும் மென்பொருளின் கதையும் இதுவே. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2024-ல் இத்தகைய மென்பொருள்களைச் சோதித்துப் பார்த்தது. பிழையின் அளவு பாலினத்தையும் பிறந்த நிலப்பகுதியையும் பொறுத்து மாறுவதைக் கண்டது. பதினேழரைக்கும் பதினெட்டரைக்கும் இடையே கோடு போட வேண்டிய இடத்தில், ஆண்டுக் கணக்கில் தவறக்கூடிய கருவி எதற்கு உதவும்? அதிகாரியின் சந்தேகத்துக்கு ஓர் எண்ணை ஒட்டிக் கொடுக்க உதவும். அந்த எண்ணை எதிர்த்து ஒரு பிள்ளை வாதாடுவது, மனிதரின் கருத்தை எதிர்த்து வாதாடுவதைவிடக் கடினம். ஆபத்து அங்கேதான்.

பொய் சொல்ல எல்லோருக்கும் ஆசை இருக்கிறதே என்று அடுத்து வாதிடப்படுகிறது. சிலர் சொல்கிறார்கள், அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பொய் ஒரே திசையில் மட்டும் ஓடவில்லை. கிரீசிலும் இத்தாலியிலும் சிறுவர்கள் தங்களைப் பெரியவர்கள் என்று சொல்லிப் பதிவு செய்துகொள்வது உண்டு: மூடிய விடுதியில் அடைக்கப்படக் கூடாது, கூட வந்தவர்களைப் பிரியக் கூடாது, வேலை செய்து கடத்தல்காரரின் கடனை அடைக்க வேண்டும். பிறகு பிரிட்டனில் உண்மையான வயதைச் சொல்லும்போது அந்தப் பழைய பதிவே அவர்களுக்கு எதிரான சான்றாகிறது. அமைச்சர்களின் பேச்சில் இந்தப் பிள்ளைகள் வருவதே இல்லை.

எண்ணிக்கையும் அந்தப் பேச்சுக்கு இடம் தரவில்லை. ஹெலன் பேம்பர் அறக்கட்டளையும் வேறு இரு அமைப்புகளும் தகவல் உரிமைச் சட்டத்தின் மூலம் கவுன்சில்களிடமிருந்து திரட்டி 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022 ஜனவரி முதல் 2023 ஜூன் வரையிலான ஒன்றரை ஆண்டில் குறைந்தது 1,300 பிள்ளைகள் எல்லையில் பெரியவர்கள் என்று தவறாக முத்திரை குத்தப்பட்டிருந்தனர். இவர்கள் எப்படியோ கவுன்சிலின் கண்ணில் பட்டதால் கணக்கில் வந்தவர்கள். ஹோட்டல் அறையிலேயே வாய்மூடி இருந்துவிட்டவர்கள் இந்தக் கணக்கில் இல்லை. சிலருக்கு ஹோட்டலும் கிடைக்கவில்லை. படகின் சுக்கானைப் பிடித்ததற்காக 2022 சட்டத்தின் கீழ் பெரியவர்களாகக் குற்றம் சாட்டப்பட்டு, வயது வந்தோர் சிறைகளில் நாள் கழித்த சிறுவர்கள் உண்டு.

இங்கேதான் வகை தன்னை மெய்யாக்கிக் கொள்கிறது. பெரியவர் என்று எழுதப்பட்ட பிள்ளையைப் பள்ளி சேர்ப்பதில்லை. எதையும் யாரிடமும் கேட்காமல், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டு, வேறு ஆண்களிடையே உஷாராக வாழப் பழகுகிறான். ஆறு மாதம் கழித்து ஒரு சமூகப் பணியாளர் வந்து பார்க்கும்போது அவனிடம் பெரியவனின் நடத்தை இருக்கிறது. அதை உண்டாக்கியது எல்லையில் எழுதப்பட்ட ஒரு தேதி.

குழந்தை என்று ஏற்கப்பட்டவர்களுக்குச் சொர்க்கம் கிடைத்துவிடுகிறது என்பதும் ஓங்கி நிற்கும் அந்தக் கருத்தின் ஒரு பகுதி. நடந்தது வேறு. 2021 ஜூலை முதல் கென்ட் கடற்கரைக்கு வந்த பிள்ளைகளைக் கவுன்சில் ஏற்க மறுத்ததும் உள்துறை அமைச்சகம் அவர்களை ஹோட்டல்களில் வைத்தது. சட்டப்படி அவர்களுக்குப் பெற்றோர் நிலையில் இருந்தது யார் என்பதே தெளிவாக இல்லை. 440 முறை பிள்ளைகள் காணாமல் போனார்கள்; 2023 ஜனவரியில் அமைச்சர் நாடாளுமன்றத்தில் பதில் சொன்னபோது 200 பேர் அதுவரை கிடைக்கவில்லை, அவர்களில் 13 பேர் 16 வயதுக்கும் கீழ்ப்பட்டவர்கள். வேறு எந்த வகைப் பிள்ளைகள் 200 பேர் காணாமல் போயிருந்தாலும் ஒரு நாடே தூங்கியிருக்காது. இப்படி வழக்கமாக ஹோட்டலில் வைப்பது சட்டவிரோதம் என்று 2023 ஜூலையில்தான் உயர் நீதிமன்றம் சொன்னது. காணாமல் போனவர்களில் பெரும்பாலோர் அல்பேனியர்கள். அல்பேனியப் பையன் என்றால் பிழைக்க வந்தவன், கும்பலோடு போனவன் என்ற சமூக வகை அவர்கள் மேல் முன்பே ஒட்டியிருந்தது. தேடும் வேகத்தை அதுவும் குறைத்தது என்று கருத இடமிருக்கிறது.

வியட்நாம் பிள்ளைகளின் மேல் ஒட்டியது வேறு சீட்டு. பூட்டிய வீடுகளில் கஞ்சாச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த இரு சிறுவர்களை 2009-ல் போலீஸ் கண்டுபிடித்தது. கடத்தி வரப்பட்டவர்கள் என்ற ஐயம் பதிவாகியும் அவர்கள் மேல் வழக்கு நடந்தது, குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், தண்டனை அனுபவித்தார்கள். 2021 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் பிரிட்டன் அவர்களைக் காக்கத் தவறியது என்று தீர்ப்பளித்தது. அந்தச் சிறுவர்கள் ஒரே நேரத்தில் குழந்தைகள், தஞ்சம் தேவைப்பட்டவர்கள், கடத்தப்பட்டவர்கள், சட்டத்தின் பார்வையில் குற்றம் செய்தவர்கள். முதலில் எந்தச் சீட்டு கையில் கிடைத்ததோ அதுவே பன்னிரண்டு ஆண்டுகளுக்கு அவர்களது கதையாயிற்று.

பதினெட்டாம் பிறந்த நாள் தனிக் கதை. அகதி என்று ஏற்கப்படாத பிள்ளைக்கு, திருப்பி அனுப்பத் தகுந்த வரவேற்பு ஊரில் இல்லை என்ற காரணத்தால் 30 மாதமோ பதினேழரை வயது வரையோ, இதில் எது குறைவோ அதுவரை தங்க அனுமதி தரப்படுகிறது. வளர்ப்புக் குடும்பம், கல்லூரி, கிரிக்கெட் அணி, ஆங்கிலத்தில் வரத் தொடங்கும் கனவுகள் எல்லாவற்றுக்கும் நடுவே அந்தத் தேதி நிற்கிறது. 2007 முதல் 2015 முடிய, பிள்ளைகளாகத் தனியே வந்து பிரிட்டனில் வளர்ந்த 2,018 இளைஞர்கள் ஆப்கானிஸ்தானுக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர் என்று உள்துறை அமைச்சகமே ஒப்புக்கொண்டது. அவர்களைப் பொறுத்தவரை காபூல் மாறிவிடவில்லை, அவர்களது அச்சமும் மாறவில்லை. மாறியது ஓர் எண்.

இந்தக் கோட்டைச் சட்டம் எவ்வளவு தீவிரமாக நம்புகிறது என்பதைக் காட்ட ஒரு வழக்கு போதும். ஆதரவற்ற ஓர் ஆப்கான் சிறுவனின் வழக்கில் 2008-ல் தீர்ப்பாயம், ஒருவரால் தன் வயதை அந்தக் கணத்தில் மாற்றிக்கொள்ள முடியாது, ஆகவே குழந்தைகளும் 1951 அகதிகள் உடன்படிக்கை சொல்லும் குறிப்பிட்ட சமூகக் குழுவாக முடியும் என்று ஏற்றது. பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தக் குழுவின் உறுப்பினர் உரிமை பிறந்த நாளன்று காலாவதியாகிறது. மேல்முறையீடு விசாரணை நடக்கும் நாளின் நிலைமையை வைத்தே முடிவு செய்யப்பட வேண்டும் என்ற கோட்பாடும் சேர்ந்துகொள்கிறது. தமிழ் வாசகர்களுக்கு இந்தக் கோட்பாட்டின் பெயர் அந்நியமாக இராது: ரவிச்சந்திரன். கொழும்பில் சுற்றிவளைப்புகளில் பிடிபட்ட தமிழ் இளைஞர்களின் வழக்கில் 1995-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வகுத்தது அது. இளம் தமிழ் ஆண் என்பது இலங்கையில் கைதுக்குப் போதுமான வகையாக இருந்தது. லண்டனில் அது அடைக்கலத்துக்குப் போதுமான வகையாக இருக்கவில்லை. அந்த வழக்கின் விதி இன்று 16 வயதில் மனுக்கொடுத்த ஆப்கான் பையனைத் தொடுகிறது: அரசு இரண்டு ஆண்டு தாமதித்தால் அவனது வழக்கைக் கேட்பவர் முன் நிற்பது ஒரு பெரியவர். தாமதம் யாருடையதோ, இழப்பு அவனுடையது.

எதிர்த் தரப்பின் வலுவான வாதம் போர்ன்மவுத்திலிருந்து வருகிறது. 2019-ல் 14 வயது என்று சொல்லி வந்து பள்ளியில் சேர்க்கப்பட்ட ஒருவர், 2022-ல் அந்நகரில் ஓர் இளைஞரைக் குத்திக் கொன்றார். அவர் வயது வந்தவர் என்று நீதிமன்றம் முடிவு செய்தது. முன்னரே செர்பியாவில் இருவரைக் கொன்றவர் என்பதும் தெரியவந்தது. வகுப்பறையில் பெரியவர் உட்கார்ந்திருப்பது உண்மையான ஆபத்து, பெற்றோரின் கவலை நியாயமானது. ஆனால் அந்தக் கொலையில் அரசுக்குத் தெரியாமல் போனது வயது மட்டுமல்ல, முந்தைய கொலைகளும்தான். ஞானப்பல் எக்ஸ்-ரே அவற்றைச் சொல்லியிருக்காது, நாடுகளுக்கிடையே தகவல் பரிமாற்றம் சொல்லியிருக்கும். மேலும், ஐயத்துக்குரியவரை எட்டாம் வகுப்பில் உட்கார வைப்பது அல்லது பெரியவர்களின் ஹோட்டலுக்கு அனுப்புவது என்ற இரண்டே வழிகள்தான் உள்ளன என்பது தவறு. 16, 17 வயதினரில் பலர் ஏற்கெனவே பணியாளர் துணையுள்ள பகிர்வு வீடுகளில்தான் இருக்கிறார்கள். ஐயம் தீரும் வரை அத்தகைய இடத்தில், கவுன்சிலின் கண்காணிப்பில் வைக்கலாம், யாருக்கும் ஆபத்தில்லை. பெரியவரைச் சில வாரம் பிள்ளையாக நடத்தினால் செலவு கூடும். பிள்ளையைச் சில வாரம் பெரியவராக நடத்தினால் நேர்வது பிறகு திருத்த முடியாததாக இருக்கலாம். இரண்டு பிழைகளையும் ஒரே எடையில் நிறுப்பது நீதியல்ல.

கோட்டை வேறு விதமாகவும் போடலாம் என்பதற்குச் சான்று பக்கத்திலேயே இருக்கிறது. நெதர்லாந்தில் தஞ்சம் கேட்ட எரித்ரியச் சிறுமி ஒருத்தி, விசாரணை நடக்கும்போதே 18-ஐக் கடந்துவிட்டாள். பெற்றோரை வரவழைக்கும் உரிமை போய்விட்டது என்றது அரசு. மனுக்கொடுத்த நாளில் குழந்தையாக இருந்தவர் அந்த உரிமைக்குக் குழந்தையே என்று 2018 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாமதத்தின் சுமை அரசின் தோளுக்குத் திரும்பியது. பிரிட்டனிலோ, பெற்றோர் அகதியானால் பிள்ளையை அழைத்துக்கொள்ள நெடுங்காலமாக வழி வைத்திருந்த விதிகள், அகதியாக ஏற்கப்பட்ட பிள்ளை தாய் தந்தையரை அழைக்க வழி வைக்கவில்லை. குழந்தை என்ற வகைக்குள் வந்த பிறகும் குழந்தைக்கு முதலில் வேண்டியது மறுக்கப்படுகிறது.

ஸ்காட்லாந்து 2010 முதல் துணையின்றி வரும் பிள்ளைகளுக்குக் காப்பாளர்களை ஏற்பாடு செய்து வருகிறது. 2015-ன் சட்டம் அதை உரிமையாக்கியது. காப்பாளர் அரசின் ஆளல்ல, வழக்கறிஞரும் அல்ல. விசாரணைக்குக் கூடப் போய், கேட்கப்படுவது என்ன என்று பிள்ளைக்குப் புரியவைத்து, பிள்ளை சொல்வது என்ன என்று அதிகாரிக்குப் புரியவைப்பவர். இங்கிலாந்தில் கடத்தப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டுமே இதைப் போன்ற ஏற்பாடு உண்டு. மென்பொருளுக்குச் செலவாகும் பணத்தில் முதலில் செய்ய வேண்டியது, இங்கிலாந்துக் கரையில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், வயது ஐயத்துக்குரியவர் உட்பட, அப்படி ஒருவரை முதல் நாளே நியமிப்பது. அதோடு மூன்று விதிகள் மாற வேண்டும்: எல்லை அதிகாரியின் பார்வை மட்டும் ஒருவரைப் பெரியவராக்கக் கூடாது; வயது மனுக்கொடுத்த நாளின் வயதாகவே வழக்கு முடியும் வரை நிற்க வேண்டும்; பதினேழரையில் முடியும் அனுமதி போய், பிள்ளையாக வந்து அங்கே வளர்ந்தவர் அங்கேயே வாழ நிலையான உரிமை வர வேண்டும்.